கன்னுக்குட்டி நிறமும் உண்ணிப்பூ நிறமும்

போன ஐப்பசியில் தீபாவளியை ஒட்டி கம்பெனியில் நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது. ஓசூரில் பஸ் ஏறி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையத்தில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. மலை முழுக்கப் பச்சை. ரோட்டின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி பூத்துக் கிடந்தது. சின்ன வயசிலிருந்து பார்க்கிற செடிதான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் கறுத்த பழத்தைப் பறித்துத் தின்றிருக்கிறோம், பூவைக் காம்போடு கிள்ளி ஒன்றுக்குள் ஒன்று செருகி மாலை செய்திருக்கிறோம். அதைப் பற்றி ஒரு நீண்ட பதிவு எழுதுவேன் என்று நினைத்ததில்லை. மறுநாள் காலை பெரியப்பாவோடு மாட்டுக்குப் பின்னால் போனேன். அங்கேதான் இது ஆரம்பித்தது.

பெரியப்பாவிடம் இன்னும் பட்டி மாடு இருக்கிறது. முன்னைப் போல இல்லை, சின்ன மந்தைதான். ஓடைக்கரையில் இரண்டு கிடேரிகள் ஒரு உண்ணிப் புதர் ஓரமாகப் புல்லைக் கடிக்கப் போனதும் அவர் சத்தம் போட்டு விரட்டினார். பத்தடி தள்ளி இன்னொரு உண்ணிப் புதர். அதன் ஓரமாகவும் நாலு மாடு நின்றது. அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

“ஏன் பெரியப்பா, ரெண்டும் உண்ணிதானே?” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணா சாமி? அது ரோஸ் பூ உண்ணி. இது செவப்பு. செவப்புதான் ஆவாது. மழை இல்லாத வருசம் பசியில மாடு இதைத் தின்னுட்டா கண்ணு மஞ்சளாப் போயிடும், மூக்குத் தோல் உரிஞ்சிடும். வெயில்ல நிக்காது, நெழலைத் தேடிப் போயி தனியா நிக்கும். அப்புறம் பொழைக்கிறது கஷ்டம்.”

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு புதரிலும் எதிரெதிராக இலை, ஓரத்தில் பல். கசக்கினால் மூக்கைத் தாக்கும் அதே வாடை. தண்டு நாலு பட்டை. ஆனால் ஒன்றின் தண்டில் கொக்கி மாதிரி வளைந்த முள் நெருக்கமாக இருந்தது, மற்றதில் விரலை ஓட்டினால் முள் அங்கொன்றும் இங்கொன்றும்தான் தட்டுப்பட்டது. முப்பது வருஷமாக ஒரே செடி என்று நினைத்துக் கடந்துபோன இடத்தில் பெரியப்பா இரண்டு செடியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

என் வேலையே பிரித்து வைப்பதுதான். ஓசூரில் ஒரு இயந்திர பாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வரும் பாகத்தை அளந்து, சரி, திருத்த வேண்டியது, கழிவு என்று மூன்று தட்டில் போட வேண்டும். இந்த வேலையில் முதலில் சொல்லித் தருவது ஒன்று உண்டு. கிரைண்டிங் மெஷினிலிருந்து சூடாக வந்த பாகத்தை உடனே அளக்கக் கூடாது. சூட்டில் இரும்பு விரிந்திருக்கும். மைக்ரோமீட்டர் காட்டுவது பாகத்தின் அளவு இல்லை, சூட்டின் அளவு. உலகம் முழுக்க அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பொது வெப்பநிலை வைத்திருப்பது இதற்காகத்தான். ஒரு பொருளை எந்த நிலையில் பார்த்தோம் என்று தெரியாவிட்டால் அதை வகைப்படுத்தவே முடியாது.

உண்ணிப்பூவிலும் அதே சிக்கல் இருக்கிறது என்பது அன்று சாயங்காலம்தான் புரிந்தது. ரோஸ் பூ என்று பெரியப்பா சொன்ன புதருக்குத் திரும்பப் போய்ப் பார்த்தால், அதில் மஞ்சள் பூவும் இருந்தது. சிவப்புப் புதரிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் ஒரே கொத்தில் இருந்தன. அப்படியானால் எதை வைத்து ஒன்றைச் சிவப்பு என்றும் இன்னொன்றை ரோஸ் என்றும் சொல்வது?

வீட்டிலிருந்து தையல் நூல் கொண்டுபோய் ஒவ்வொரு புதரிலும் அப்போதுதான் விரிய ஆரம்பித்த கொத்தாகத் தேடி, காம்பில் நூல் கட்டினேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையில் போய்ப் பார்த்தேன். உண்ணிப்பூ என்று நாம் சொல்வது ஒரு பூ இல்லை, இருபது முப்பது குட்டிப் பூக்கள் சேர்ந்த கொத்து. வெளி வட்டம் முதலில் விரியும், பிறகு உள் வட்டம், கடைசியில் நடு. முதல் நாள் சிவப்புப் புதரில் வெளி வட்டம் மஞ்சளாக விரிந்திருந்தது. இரண்டாம் நாள் அந்த வட்டம் ஆரஞ்சாகி, அதற்குள் புது வட்டம் மஞ்சளாக வந்தது. மூன்றாம் நாள் வெளியே சிவப்பு, நடுவே ஆரஞ்சு, உள்ளே மஞ்சள். ஒரு கொத்துக்குள் மூன்று நாள் வரிசையாக நின்றது. ரோஸ் புதரில் அதே வரிசை வேறு நிறத்தில்: முதல் நாள் வெளிர்மஞ்சள், பிறகு மெல்ல ரோஸ்.

முதல் நாள் காலையில் மட்டும் பார்த்திருந்தால் இரண்டு புதரும் மஞ்சள் பூச்செடி என்று எழுதி வைத்திருப்பேன்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “காங்கேயத்துக் கன்னு செவலையாத்தானே பொறக்குது? அப்புறம் மயிலையா மாறலையா? கன்னுக்குட்டி நெறத்தை வெச்சு மாட்டை வாங்குவாங்களா?” என்றார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவது மாடு வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே மந்தையில் இரண்டு இனம் இருப்பதாக நினைத்துக்கொள்வார். நான் செடியில் அந்தத் தெரியாதவனாக இருந்தேன்.

ஓசூருக்குத் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். நான் மூன்று நாள் நூல் கட்டிப் பார்த்ததை பிரேசிலில் குடியேறிய ஜெர்மன் இயற்கையாளர் ஃப்ரிட்ஸ் முல்லர் பார்த்து எழுதியது 1877-ல் ‘நேச்சர்’ இதழில் வந்திருக்கிறது. அங்கே அவர் பார்த்த செடியின் பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. பட்டாம்பூச்சிகள் மஞ்சளை நாடின, சில ஆரஞ்சுக்கும் போயின, ஊதாவை ஒன்றும் தொடவில்லை என்பதையும் அவர் குறித்திருந்தார். நூறு வருஷம் கழித்து டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எச்.ஒய்.மோகன் ராமும் கீதா மாத்தூரும் இதே பூவை எடுத்துக்கொண்டு, மகரந்தச் சேர்க்கை நடந்ததும்தான் நிற மாற்றம் தூண்டப்படுகிறது என்று காட்டினார்கள். 1978-லும் 1984-லும் அவர்களுடைய கட்டுரைகள் வந்தன. தேன் இருக்கிற பூ மஞ்சள். வேலை முடிந்த பூ நிறம் மாறி, தூரத்தில் வரும் பூச்சிக்குக் கொத்தைப் பெரிதாகக் காட்ட மட்டும் நிற்கிறது.

ஆக, ஒரு செடிக்குள்ளேயே வரும் நிற வேறுபாடு வயசு. செடிக்கும் செடிக்கும் இடையே வரும் நிற வேறுபாடு ரகம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வகைப்படுத்தல் முதல் படியிலேயே வழுக்கிவிடும்.

சரி, ரகம் என்றால் எத்தனை ரகம்? இங்கேதான் இந்தச் செடியின் கதை பெரிதாகிறது. 1753-ல் லின்னேயஸ் தன் தாவர நூலில் இதற்கு லண்டானா கமாரா என்று பெயர் வைத்தார். அதே நூலில் முள் உள்ளதை லண்டானா அக்யூலியாட்டா என்று தனி இனமாகவும் எழுதினார். பின்னால் வந்தவர்கள் முள் ஒரு தனி இனத்துக்கான அடையாளம் ஆகாது என்று சொல்லி, அதை கமாராவின் ஒரு வகையாகச் சேர்த்தார்கள். முள்ளில் ஆரம்பித்த இந்த வழக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

தீராததற்குக் காரணம் தோட்டக்காரர்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி வீடுகளில் வைத்து, பல இனங்களை ஒன்றோடொன்று கலந்து, பூவின் நிறத்துக்காகப் புதுப்புது ரகங்களை உண்டாக்கினார்கள். பெயர் வைக்கப்பட்ட தோட்ட ரகங்கள் 600-க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கலப்பு ரகங்கள்தான் கப்பலேறி உலகம் முழுக்கப் போயின. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. பிறகு வேலிக்கும் அழகுக்கும் என்று ராணுவக் குடியிருப்பு, எஸ்டேட், பங்களா வாசல் எல்லாம் வைத்தார்கள். இந்தியாவுக்கு இது ஒரே தடவை வரவில்லை, பல முறை பல இடங்களில் கொண்டுவந்தார்கள் என்பதை ரமேஷ் கண்ணன், ஷாக்கில்டன், உமா ஷங்கர் ஆகியோர் பழைய பதிவுகளைத் தோண்டி 2013-ல் எழுதியிருக்கிறார்கள்.

காட்டில் ஓடிப்போய் வளர்ந்த இந்தச் செடிக்கு வெப்பமண்டல அமெரிக்காவில் உள்ள காட்டுச் செடியின் பெயரையே வைப்பது சரியில்லை என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ரோஜர் சாண்டர்ஸ் வாதிட்டார். தோட்டத்தில் பிறந்து களையாக மாறிய கலப்புக்கு 2006-ல் லண்டானா ஸ்ட்ரிகோகமாரா என்று தனிப் பெயரே கொடுத்தார். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. பெரும்பாலான வனத்துறை ஆவணங்களிலும் கட்டுரைகளிலும் இன்னும் கமாராதான். சில ஆய்வாளர்கள் ‘பரந்த பொருளில்’ என்று ஒரு அடைமொழி சேர்த்துக்கொள்கிறார்கள். குரோமோசோம் எண்ணிப் பார்த்தாலும் ஒரே எண் வராது. அடிப்படை 11. செடிக்குச் செடி 22, 33, 44, 55, 66 என்று மடங்கு மாறுகிறது.

ஆஸ்திரேலியாவில் இந்தத் தலைவலியை ஒரு எளிய வழியில் சமாளித்தார்கள். அறிவியல் பெயருக்குக் காத்திருக்காமல், களையாகப் பரவிய ரகங்களை நிறமும் ஊரும் சேர்த்து அழைக்க ஆரம்பித்தார்கள். ‘ஹெலிடன் வெள்ளை’ என்பது மாதிரி. 1982-ல் அங்கே 29 ரகங்களைப் பிரித்து எழுதினார்கள். படித்தபோது எனக்கு நம்மூர் நெல் ரகங்களும் மாம்பழங்களும் நினைவுக்கு வந்தன. ஊர்ப்பேரைச் சேர்த்துச் சொல்வது நமக்குப் புதுசா என்ன? காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயரைத்தானே எங்கள் பக்கத்து மாடு இன்றும் தாங்கி நிற்கிறது? ‘நாட்றாம்பாளையம் சிவப்பு’, ‘அஞ்செட்டி ரோஸ்’ என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். பெயர் வைத்ததும் செடி கண்ணுக்குத் தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பூவின் நிறம் வெறும் மேல்பூச்சா, உள்ளேயும் வித்தியாசம் உண்டா? ஆலம்பாடி மந்தையில் கறுத்த காரியும் இருக்கும், சாம்பல் மயிலையும் இருக்கும். நிறம் வேறானதால் இனம் வேறு என்று யாரும் சொல்வதில்லை. செடியிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

நான் நினைத்தது சரியில்லை. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணனின் குழு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து உண்ணிச்செடியின் மாதிரிகளைச் சேகரித்து மரபணுவைப் பார்த்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் செடிகள் ஒன்றுபோல இருக்கும், தூரத்தில் உள்ளவை வேறுபடும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே அது நடக்கவில்லை. ஒரே நிறப் பூ உள்ள செடிகள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மரபணுவில் நெருங்கியிருந்தன. அருகருகே நின்றாலும் வேறு நிறப் பூச்செடிகள் விலகியிருந்தன. செடி தன் மகரந்தத்தாலேயே தனக்கு விதை பிடித்துக்கொள்வதுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் முடிவு.

இது கேழ்வரகு விதைக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரியும். கேழ்வரகும் நெல்லும் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருவுறும். அதனால்தான் பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தாலும் நம் விதை கெடாமல் அதே ரகமாக வருகிறது. கம்பு அப்படி இல்லை, காற்றில் மகரந்தம் கலந்துவிடும். உண்ணிச்செடி இந்த விஷயத்தில் கேழ்வரகு பக்கம் நிற்கிறது போல. தோட்டத்தில் கலந்து பிறந்த ரகம், காட்டுக்குள் போன பிறகு தன் போக்கில் தன்னையே திரும்பத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறது. ஓடைக்கரையில் பத்தடி இடைவெளியில் நின்ற சிவப்பும் ரோஸும் ஏன் கலந்து ஒன்றாகவில்லை என்பதற்கு எனக்கு விடை கிடைத்தது.

பெரியப்பா சொன்னது சரிதான், அவை இரண்டும் ஒன்றில்லை. முதல் நாள் மஞ்சளைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தப்பாகியிருக்கும். அவர் வருஷக்கணக்கில் பார்த்து, பூ கடைசியில் எந்த நிறத்தில் போய் நிற்கிறது என்பதை வைத்துச் சொல்கிறார். அவசரத்தில் பார்க்கிற நிறம் ஏமாற்றும், காலத்தோடு சேர்த்துப் பார்க்கிற நிறம் உண்மையைச் சொல்லும். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

“களைதானே, பிடுங்கிப் போடாமல் இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, மாடு. இலையில் லண்டாடீன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கல்லீரலைத் தாக்கி, பித்தம் வெளியேறாமல் தடுக்கிறது. அதனால்தான் கண் மஞ்சளாவதும் வெயில் பட்ட தோல் வெந்து உரிவதும். பெரியப்பா சொன்ன அத்தனை அறிகுறிகளும் கால்நடை மருத்துவ நூலில் அப்படியே இருக்கின்றன. இமாச்சலப் பிரதேசம் பாலம்பூரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் ஓ.பி.சர்மா பல வருஷம் இந்த நச்சைத்தான் ஆராய்ந்தார். நச்சின் அளவு ரகத்துக்கு ரகம் மாறும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: ரோஸ் பூ, வெள்ளைப் பூ என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவில் வெள்ளைப் பூ ரகம் ஒன்றும் நஞ்சு உள்ளது என்று பதிவாகியிருக்கிறது. எங்கள் ஊர் ரோஸை யாராவது சோதனைச்சாலையில் பார்க்கும்வரை, பசித்த மாட்டை எந்த உண்ணியின் பக்கமும் விடாமல் இருப்பதுதான் நல்லது. பெரியப்பாவிடமும் இதைச் சொன்னேன். “சரி, ரெண்டையுமே ஒதுக்கிக்குவோம்” என்றார்.

இரண்டாவது, பூச்சி. உண்ணிச்செடியைப் பூச்சி விட்டு ஒழிக்கலாம் என்ற யோசனை நூறு வருஷத்துக்கு மேல் பழசு. நம் நாட்டில் இதைத் தின்கிற பூச்சி எதுவும் உண்டா என்று ஒய்.ராமச்சந்திர ராவ் 1916 முதல் 1919 வரை இந்தியாவிலும் பர்மாவிலும் தேடி, 1920-ல் ஒரு நூலாகவே எழுதினார். 1921-ல் காய்க்குள் புகுந்து விதையைக் கெடுக்கும் ஈ ஒன்று ஹவாயிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலையில் சாறு உறிஞ்சும் வலைச்சிறகுப் பூச்சி ஒன்று டேராடூனுக்கு வந்தது. அது தேக்குப் பூவையும் தொடுகிறது என்று தெரிந்ததும் அழிக்கச் சொன்னார்கள், ஆனாலும் எப்படியோ தப்பி வெளியே பரவிவிட்டது. பல நாடுகளில் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட பூச்சிகளையும் நோய்க்கிருமிகளையும் விட்டுப் பார்த்தார்கள். செடி இன்னும் நிற்கிறது. அதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் முக்கியமான ஒன்று இந்த ரக வேறுபாடுதான். அமெரிக்கக் காட்டில் ஒரு இனத்தைத் தின்று பழகிய பூச்சிக்கு, ஐரோப்பியத் தோட்டத்தில் கலந்து பிறந்த செடி அதே உணவு இல்லை. ஒரு ரகத்தை மொய்க்கும் பூச்சி பக்கத்து ரகத்தைத் தொடாமல் போகிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்த நமக்கு அது புரியாமல் போனது, பூச்சிக்குப் புரிந்திருக்கிறது.

மூன்றாவது, காடு. நாட்றாம்பாளையம் பக்கத்துக் காடுகள் இப்போது வனவிலங்கு சரணாலயங்கள். 2014-ல் காவிரி வடக்கு சரணாலயத்தை 504 சதுர கிலோமீட்டருக்கு அறிவித்தார்கள். 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலை. யானைக்கு இது ஒரே காடு, எல்லைக்கோடு நமக்குத்தான். இந்தக் காட்டில் புல் முளைக்க வேண்டிய இடத்தை உண்ணி அடைத்துக்கொள்கிறது. புல் குறைந்தால் யானை கேழ்வரகுக் காட்டுக்கு வருகிறது. ஆள் உயரப் புதருக்குப் பின்னால் யானை நிற்பது தெரியாமல் காலையில் மாட்டோடு போகிறவர் எதிரே போய் நிற்கிறார்.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் ஆய்வாளர்கள் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் பார்த்தபோது, 1997-ல் 41 சதவீத ஆய்வுத் திடல்களில் இருந்த உண்ணிச்செடி 2008-ல் 81 சதவீதத்துக்கு வந்திருந்தது. பதினோரு வருஷத்தில் இரண்டு மடங்கு. அங்கே வாழும் சோளிகர் பழங்குடியினர், முன்பு கோடைத் தொடக்கத்தில் சருகுக்கு இடும் சிறு தீ உண்ணியை அடக்கி வைத்திருந்தது, அதைத் தடுத்த பிறகுதான் இது கைமீறிப் போனது என்று சொல்கிறார்கள். இந்தியா முழுக்க எடுத்துக்கொண்டால், புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல், ஏறக்குறைய 1,54,000 சதுர கிலோமீட்டரில் இது இருக்கிறது என்று 2020-ல் நினத் முங்கி, கமர் குரேஷி, ஜாலா எழுதினார்கள். தமிழ்நாட்டைவிடப் பெரிய பரப்பு.

இதை எடுக்க ஒரு நல்ல முறை இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு கார்பெட் காட்டில் செய்து காட்டியது. மேலே வெட்டினால் அடியிலிருந்து பத்து தளிர் வரும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பதில் மண்ணை விலக்கி, தளிர் விடும் கழுத்துக்குக் கீழே ஆணிவேரை ஒரே வெட்டாக வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். தண்டு மண்ணைத் தொட்டால் மறுபடி வேர் பிடிக்கும், கவிழ்த்தால் காய்ந்துவிடும். காய் பழுக்கும் முன் செய்ய வேண்டும். பழுத்துவிட்டால் கொண்டைக்குருவி தின்று மரத்தடியெல்லாம் விதைத்துவிடும். எடுத்த இடத்தில் புல் வர வழி செய்து, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் முளைப்பதைப் பிடுங்க வேண்டும். பெரியப்பாவின் கொல்லை ஓரத்தில் இப்படி நாலு புதரை நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்தோம். கடப்பாரையும் கோடாலியும் போதும். அதில் மூன்று சிவப்பு, ஒன்று ரோஸ். எடுக்கும் முன் ஒவ்வொன்றின் நிறத்தையும் முள்ளையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த மழையில் எது முளைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாதேஸ்வரன் மலையில் வெட்டிய தண்டும் வீணாகவில்லை. 2004 முதல் அங்கே அட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு சோளிகர்கள் உண்ணித் தண்டை வேகவைத்து, தோலை உரித்து, பிரம்புக்குப் பதிலாக நாற்காலியும் கூடையும் முடைந்தார்கள். கூடலூர் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணித் தண்டிலேயே செய்த நிஜ அளவு யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. எங்கள் அஞ்செட்டி, உரிகம் பக்கத்து இளைஞர்கள் எல்லோரும் ஓசூர் சிப்காட்டுக்குத்தான் பஸ் ஏற வேண்டும் என்பதில்லை. இந்தக் கைவேலையைக் கற்றுத் தர ஒரு பட்டறை நம் கரையிலும் வந்தால், வருமானமும் வரும், காடும் மூச்சு விடும்.

தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. வேலை நடக்கட்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் எந்த ரகம் எங்கே நிற்கிறது என்று ஒரு வரியாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்கே எது அடர்ந்து பரவுகிறது, எது மெதுவாக நிற்கிறது என்பது அந்த ஒரு வரியில்தான் பின்னால் தெரியவரும். இந்த வேலையில் மாடு மேய்ப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புதர் எப்போது வந்தது, எந்தப் பூவைத் தின்ற மாடு விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வயசானவர்கள். பட்டி மாடு குறையும்போது அந்த அறிவும் சேர்ந்தே குறைகிறது.

ஓசூரில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. நர்சரிகளில் பல நிறத்தில் உண்ணிச்செடி அழகுச்செடியாக விற்கிறார்கள். தரையில் படர்ந்து ஊதாவாகப் பூப்பது வேறு இனம். நிமிர்ந்து புதராக வளர்வது காட்டில் நிற்பதன் உறவு. வாங்குகிறவர்கள் கழித்த கிளையை ஏரிக்கரையிலோ காலி மனையிலோ போடாதீர்கள். இருநூறு வருஷம் முன்னால் ஒரு தோட்டத்து வேலியில் ஆரம்பித்ததுதான் இன்று மலை முழுக்க நிற்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ரோட்டோரத்தில் உண்ணிச்செடி கட்டாயம் இருக்கும். காட்டுக்குள் போக வேண்டாம், அதற்கு அனுமதியும் வேண்டும், யானையும் இருக்கும். ரோட்டோரமே போதும். ஒரு கொத்துக் காம்பில் நூல் கட்டுங்கள். தண்டின் முள், இலையின் அடிப்பக்கம், காய் இவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பேரும் தேதியும் எழுதுங்கள். பூவை மட்டும் ஒரு நாள் படம் எடுத்து நிறுத்திவிடாதீர்கள், மூன்று நாள் எடுங்கள்.